வக்கீல் ஆபீஸ் வேலை: டைரியைக் கைப்பற்றுங்கள்

சென்னை உயர் நீதிமன்றத்துக்கு எதிரே தம்புசெட்டித் தெரு, லிங்கிசெட்டித் தெரு, ஆர்மேனியன் தெரு என்று ஒரு சுற்று நடந்து பாருங்கள். மாடிக்கு மாடி வக்கீல் போர்டு. ஏறக்குறைய எல்லா ஆபீசிலும் ஒரு டைப்பிஸ்ட் இருப்பார். அவர் நாளைக்கு வராவிட்டால் மாலைக்குள் இன்னொருவர் கிடைத்துவிடுவார். அவசரத்துக்கு ஜாப் டைப்பிங் கடை பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால், "சார், அந்த கமர்ஷியல் சூட்டில் வெள்ளிக்கிழமையோடு 120 நாள் முடிகிறது. டிராஃப்ட் இன்னும் கிளையண்ட்டிடமே இருக்கிறது" என்று திங்கட்கிழமை காலையில் சொல்கிற ஆள் போய்விட்டால், சீனியருக்கு அந்த வாரம் முழுக்கத் தூக்கம் வராது. சம்பள உயர்வு யாருக்குக் கிடைக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

லீகல் செக்ரட்டரி, ஸ்டெனோ, பாராலீகல், லீகல் அசிஸ்டன்ட், வக்கீல் குமாஸ்தா என்று ஆபீசுக்கு ஆபீஸ் பதவியின் பெயர் மாறும். பெயர் எதுவானாலும் போட்டி ஒன்றுதான்: சீனியரின் தலையில் இருக்கும் கவலைகளில் எத்தனையை நீங்கள் உங்கள் தலைக்கு மாற்றிக்கொள்கிறீர்கள்? அந்த எண்ணிக்கை கூடக்கூட உங்கள் விலை கூடும்.

1. தேதிகளில் தொடங்குங்கள்

வாய்தா தேதியை டைரியில் எழுதுவதை எல்லோரும் செய்கிறார்கள். வாய்தாவுக்கு ஆள் போகாமல் கேஸ் டிஸ்மிஸ் ஆனால்கூட ரெஸ்டோர் மனு போட்டு மீட்கலாம். லிமிடேஷன், அதாவது சட்டம் தரும் கெடு, தவறினால் பல நேரங்களில் மீட்க வழியே இருக்காது. ஆகவே வாய்தா டைரி வேறு, லிமிடேஷன் டைரி வேறு என்று இரண்டாகப் பிரித்துவிடுங்கள். இரண்டாவதுதான் உங்கள் சொத்து.

சில கணக்குகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். செக் பவுன்ஸ் மேட்டரில் மூன்று கட்டம். வங்கியிலிருந்து ரிட்டர்ன் தகவல் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கைக்குக் கிடைத்த பின் எதிர்த்தரப்புக்குப் பணம் கட்ட 15 நாள். அதுவும் முடிந்தபின் ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். நோட்டீஸ் டெலிவரி ஆன தேதி தெரியாமல் அடுத்த இரண்டு கட்டத்தையும் கணக்கிட முடியாது. தபால் டிராக்கிங் பக்கத்தை அன்றன்றைக்கே பிரின்ட் எடுத்து ஃபைலில் கோர்ப்பவர் இங்கே ஜெயிக்கிறார். மூன்று மாதம் கழித்துத் தேடினால் அந்தப் பக்கம் இணையத்தில் இருக்கும் என்று நம்பாதீர்கள்.

சாதாரண சிவில் சூட்டில் ரிட்டன் ஸ்டேட்மெண்டுக்கு 30 நாள், நீட்டித்தால் 90 நாள்; அதற்குப் பிறகும் தக்க காரணம் இருந்தால் கோர்ட் சில நேரம் அனுமதிக்கும். கமர்ஷியல் சூட்டில் அந்தப் பேச்சே இல்லை. 120-வது நாள் தாண்டினால் ரிட்டன் ஸ்டேட்மெண்ட் போடும் உரிமையே போய்விடும். ஆர்பிட்ரேஷன் அவார்டை எதிர்த்து 34-வது பிரிவில் மனு போட 3 மாதம். காரணம் காட்டினால் மேலும் 30 நாள். அதற்கு மேல் மன்னிக்கிற அதிகாரம் கோர்ட்டுக்கே கிடையாது. இந்த இரண்டு வகை மேட்டரும் ஆபீசுக்குள் வந்த நாளிலேயே சிவப்பு மையில் ஏற வேண்டும். கேவியட் போட்டால் 90 நாள்தான் உயிர். 85-வது நாளில் "புதுப்பிக்கலாமா சார்?" என்று கேட்கும் செக்ரட்டரியை எந்த சீனியரும் மறக்க மாட்டார்.

அப்பீலில் பலர் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. டிக்ரியை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போக 90 நாள், மற்ற அப்பீல் கோர்ட்டுக்குப் போக 30 நாள். சர்டிஃபைடு காப்பி வாங்க ஆகும் காலம் இந்தக் கணக்கில் கழியும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கழிவது, நீங்கள் காப்பி அப்ளிகேஷன் போட்ட பிறகு ஆகும் காலம் மட்டுமே. தீர்ப்பு வந்து இருபது நாள் சும்மா இருந்துவிட்டு அப்ளிகேஷன் போட்டால் அந்த இருபது நாளும் உங்கள் கிளையண்ட்டின் நஷ்டம். தீர்ப்பு நாளன்றே, ஜெயித்தாலும் தோற்றாலும், காப்பி அப்ளிகேஷன். அப்பீல் போகலாமா வேண்டாமா என்று சீனியர் பிறகு யோசித்துக்கொள்ளட்டும்.

நினைவூட்டலை எழுத்தில் செய்யுங்கள். பாதி காலம் ஆனதும் ஒன்று, பத்து நாள் முன்பு ஒன்று, மூன்று நாள் முன்பு ஒன்று. வாட்ஸ்ஆப்போ மெயிலோ, ஏதோ ஒன்று. திங்கள் காலை ஒரே பக்கத்தில் அந்த வாரப் பட்டியலை சீனியர் மேசையில் வையுங்கள்: கேஸ் எண், என்ன செய்ய வேண்டும், கடைசி நாள், யாரிடம் நிற்கிறது. இதில் உங்கள் சுயநலமும் இருக்கிறது. நாளை ஏதாவது தவறினால் "எனக்கு யாரும் சொல்லவில்லை" என்று ஒருவராலும் சொல்ல முடியாது. ஆனால் கணக்கை ஜூனியர் வக்கீல் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்திடும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். கடைசி நாள் எது என்று தீர்மானிப்பது வக்கீலின் பொறுப்பு. அதை முழுக்க உங்கள் தோளில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

2. புதிய சட்ட எண்கள்

2024 ஜூலை 1 முதல் ஐ.பி.சி., சி.ஆர்.பி.சி., சாட்சியச் சட்டம் மூன்றும் போய் பி.என்.எஸ்., பி.என்.எஸ்.எஸ்., பி.எஸ்.ஏ. வந்துவிட்டன. அதற்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய ஐ.பி.சி. பிரிவுகளே தொடர்வதால், இரண்டு வரிசை எண்களும் இன்னும் பல வருடத்துக்கு உங்கள் விரலில் இருக்க வேண்டும். ஏமாற்றுக் குற்றத்தின் 420 இப்போது 318(4). கொலையின் 302 இப்போது 103(1). மிகவும் ஆபத்தான எண் 482. சி.ஆர்.பி.சி.யில் அது எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கோரும் பிரிவு; பி.என்.எஸ்.எஸ்.ஸில் அதே 482 முன்ஜாமீன். ரத்து மனு 528-க்குப் போய்விட்டது. பழைய டெம்ப்ளேட்டைத் திறந்து பெயரை மட்டும் மாற்றி அனுப்புகிறவர் இங்கே மாட்டிக்கொள்வார். பழைய டெம்ப்ளேட்டுகள் எல்லாவற்றையும் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து சுத்தம் செய்யுங்கள். யாரும் சொல்லாமல் செய்து, செய்த பிறகு சொல்லுங்கள்.

3. சர்டிபிகேட் வாங்கி வையுங்கள்

தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் டைப்ரைட்டிங் தேர்வு ஆண்டுக்கு இரு முறை வருகிறது. ஆங்கிலத்தில் ஜூனியர் நிமிடத்துக்கு 30 வார்த்தை, சீனியர் 45. ஜூனியரோடு நிறுத்திவிடாதீர்கள். ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் சீனியர் முடித்தவர்கள் கூட்டத்தில் தனியாகத் தெரிவார்கள். ஷார்ட்ஹேண்ட் காலாவதியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு, நீங்கள் மட்டும் இன்ஸ்டிடியூட்டில் சேருங்கள். கற்கிறவர்கள் குறைந்துபோனதால்தான் அதற்கு இன்று மதிப்பு. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-ல் ஸ்டெனோ டைப்பிஸ்ட் பணியிடம் வருகிறது. உயர் நீதிமன்றம் தன் நீதிபதிகளுக்கு உதவியாளர்களை எடுக்கும்போது டைப்பிங்கும் ஷார்ட்ஹேண்டும் கேட்கிறது. தனியார் ஆபீசில் உட்கார்ந்துகொண்டே இந்த இரண்டு கதவுகளையும் திறந்து வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

4. வேர்டையும் பிடிஎஃப்பையும் சரியாகக் கற்றுக்கொள்ளுங்கள்

பத்து வருடம் வேர்டில் வேலை செய்தும் பக்க எண்ணைக் கையால் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் ஸ்டைல்ஸ், தானாக உருவாகும் பொருளடக்கம், செக்‌ஷன் பிரேக், கிராஸ் ரெஃபரன்ஸ், டிராக் சேஞ்சஸ், கம்பேர் ஆகிய ஆறையும் பழகுங்கள். நடுவில் ஒரு பாரா சேர்ந்தால் 47 பாரா எண்களும் தானாக நகர வேண்டும். எதிர்த்தரப்பு திருத்தி அனுப்பிய அக்ரிமெண்டில் அவர்கள் சொல்லாமல் மாற்றிய ஒரே ஒரு வரியை கம்பேர் போட்டு எடுத்துக் காட்டுங்கள். அந்த ஒரு நாள் போதும், சீனியர் உங்களைப் பார்க்கும் பார்வை மாறும்.

ஒவ்வொரு கோர்ட்டுக்கும் ஒரு வடிவம் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரலில் இருந்து ஏ4 தாளில், இருபுறமும் அச்சிட்டு, டைம்ஸ் நியூ ரோமன் 14 பாயிண்ட், ஒன்றரை வரி இடைவெளி, இடமும் வலமும் 4 செ.மீ., மேலும் கீழும் 2 செ.மீ. மார்ஜின் கேட்கிறது. நீங்கள் ஃபைல் செய்யும் கோர்ட் எதுவானாலும் அதன் விதிப்படி ஒரு காலி டெம்ப்ளேட் தயாராக இருக்கட்டும். இ-ஃபைலிங்குக்குத் தேடக்கூடிய பிடிஎஃப், புக்மார்க், அளவு குறைத்தல், டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் எல்லாம் கைப்பழக்கம் ஆகட்டும். இரவு பதினொரு மணிக்கு டோக்கன் வேலை செய்யாமல் நிற்கும்போது போன் உங்களுக்குத்தான் வரும். அதன் காலாவதித் தேதியையும் டைரியில் ஏற்றுங்கள்.

தமிழ் டைப்பிங்கில் ஒரு கூடுதல் திறமை: பழைய ஃபைல்கள் பாமினி, வானவில் எழுத்துருக்களில் கிடக்கும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றி, பிழை பார்த்துத் தரத் தெரிந்தவர் எந்த மாவட்டத்திலும் பட்டினி கிடக்க மாட்டார்.

5. மொழிபெயர்ப்புதான் உங்கள் துருப்புச்சீட்டு

தமிழ்நாட்டில் கீழமை நீதிமன்றங்களில் தமிழ் புழங்குகிறது. உயர் நீதிமன்றம் ஆங்கிலத்தில் நடக்கிறது. ஒரு கேஸ் மேலே ஏறும் ஒவ்வொரு முறையும் எஃப்.ஐ.ஆர்., சாட்சி வாக்குமூலம், கிரயப் பத்திரம், பஞ்சாயத்து முச்சலிக்கா எல்லாவற்றையும் யாராவது ஆங்கிலமாக்கியே தீர வேண்டும். ஜூனியர் வக்கீல்களில் பலர் ஆங்கிலத்தில் படித்து வந்தவர்கள். 1952-ம் வருடப் பத்திரத்தைக் கையில் கொடுத்தால் தடுமாறுகிறார்கள். உங்களுக்கு இது வாய்ப்பு.

நிலம் சம்பந்தப்பட்ட சொற்களில் ஆரம்பியுங்கள். பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், விடுதலைப் பத்திரம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, போக்கியம், உட்பிரிவு, நத்தம், புறம்போக்கு. ஒவ்வொன்றுக்கும் தீர்ப்புகளில் எந்த ஆங்கிலச் சொல் வருகிறது, எதை அப்படியே விட்டு அடிக்குறிப்பு போடுகிறார்கள் என்று பார்த்துச் சொந்தமாக ஒரு சொற்பட்டியல் தயாரியுங்கள். நான்கு எல்லை எழுதும்போது "இதற்கு வடக்கு" என்பதை "சொத்தின் வடக்கில் இது" என்று புரிந்துகொண்டு தலைகீழாக்கிவிட்டால் சொத்தே தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடும். வருவாய்த்துறை அளவுகளில் ஏர்ஸ், ஹெக்டேர், சென்ட், குழி என்று கலந்து வரும். 1 ஏக்கர் 100 சென்ட், 1 ஹெக்டேர் 100 ஏர்ஸ் என்பது தெரிந்திருந்தால், ஷெட்யூலில் எழுதிய அளவும் பத்திரத்தின் அளவும் பொருந்துகிறதா என்று நீங்களே பார்த்துச் சொல்லலாம். டைப் செய்யும்போதே தவறு கண்டுபிடிக்கும் ஆளுக்கு இந்தத் துறையில் நல்ல பஞ்சம் இருக்கிறது.

6. ரெஜிஸ்ட்ரி உங்களை எப்படிப் பார்க்கிறது?

பேப்பர் ஃபைல் ஆகும், எஸ்.ஆர். நம்பர் விழும், பரிசோதித்து ரிட்டர்ன் ஆகும், குறை நீக்கி ரீபிரசன்ட் செய்தால் நம்பர் ஆகும், லிஸ்டில் வரும். இந்தச் சங்கிலியில் கேஸ் எங்கே நிற்கிறது என்று கிளையண்ட் போன் செய்து கேட்கும்போது பத்து விநாடியில் பதில் சொல்லத் தெரிய வேண்டும். ரிட்டர்ன் ஆன பேப்பரைக் கொடுத்த கெடுவுக்குள் திரும்பப் போடவில்லை என்றால், அந்தத் தாமதத்தை மன்னிக்கத் தனி மனு எழுத வேண்டியிருக்கும். ஆகவே ஒவ்வொரு ரிட்டர்னையும் குறித்து வையுங்கள்: என்ன குறை, யார் செய்த தவறு. ஆறு மாதக் குறிப்பைப் புரட்டினால், பாதிக்கு மேல் திரும்பத் திரும்ப வரும் அதே நாலைந்து சங்கதிகளாகவே இருக்கும்: வக்காலத்தில் கையெழுத்துச் சான்று இல்லை, கோர்ட் ஃபீ குறைவு, டைப்டு செட்டில் பக்கம் தெளிவில்லை, அஃபிடவிட்டில் திருத்தத்துக்கு இனிஷியல் இல்லை. அவற்றை ஒரு செக்லிஸ்ட் ஆக்கி ஃபைலிங்குக்கு முன் டிக் அடியுங்கள். ரிட்டர்ன் குறைந்தால் அதை எண்ணால் காட்ட முடியும். சம்பளப் பேச்சில் அந்த எண் பேசும்.

அரசு எதிர்த்தரப்பாக இருக்கும் ரிட் என்றால் அரசு வக்கீல் (ஜி.பி.) ஆபீசில் காப்பி சர்வ் செய்து சீல் வாங்கியதை அன்றே ஸ்கேன் செய்யுங்கள். இ-கோர்ட்ஸ் ஆப்பில் உங்கள் ஆபீஸ் கேஸ்கள் எல்லாவற்றையும் 16 இலக்க சி.என்.ஆர். எண் கொண்டு சேமித்து வையுங்கள். மாலையில் காஸ் லிஸ்ட் வந்ததும் சீனியர் பெயரை மட்டும் தேடி நிறுத்தாதீர்கள். கட்சிக்காரர் பெயரையும் தேடுங்கள், பெயர் அச்சாவதில் பிழை நேர்ந்திருக்கலாம்.

பெஞ்ச் கிளார்க், செக்‌ஷன் ஆபீசர், செரஸ்தார், ஆபீஸ் அசிஸ்டன்ட் எல்லோரையும் பெயர் தெரிந்து, மரியாதையோடு "வணக்கம் சார்", "வணக்கம் மேடம்" என்று பேசுங்கள். வேலை முடிந்ததும் நன்றி சொல்லுங்கள். ஆனால் "டீ செலவுக்கு" என்று கை நீட்டும் இடத்தில் உங்கள் கை போகக் கூடாது. 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் ஏழு வருடம் வரை சிறைக்குப் போகலாம். சீனியரின் பணமானாலும் கொடுத்த கை உங்களுடையது. சரியான பேப்பரை நேரத்தில் போடுகிற ஆளுக்கு இந்த வழி தேவைப்படுவதும் குறைவு.

7. வாயை மூடி வைப்பதும் திறமைதான்

கிளையண்ட் வக்கீலிடம் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்ற சட்டக் கட்டுப்பாடு உங்களுக்கும் உண்டு. பாரதிய சாட்சிய அதினியத்தின் (பி.எஸ்.ஏ.) 132-வது பிரிவு வக்கீலின் குமாஸ்தாக்களையும் ஊழியர்களையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. கேன்டீனில், ஷேர் ஆட்டோவில், ஜெராக்ஸ் கடை வரிசையில் கேஸ் பேசாதீர்கள். பக்கத்தில் நிற்பவர் எதிர்க்கட்சிக்காரரின் மைத்துனராக இருக்கலாம். விவாகரத்து மேட்டரில் கிளையண்ட்டின் உறவினர் போன் செய்து, "அண்ணனோட கேஸ் என்னாச்சுங்க?" என்று உரிமையோடு கேட்பார். "சார்கிட்ட பேசச் சொல்லுங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது.

ஏ.ஐ. கருவிகளுக்கும் இதே சட்டம். டிராஃப்ட், சுருக்கம், மொழிபெயர்ப்பின் முதல் வரைவு எல்லாவற்றுக்கும் அவை உதவும். பயன்படுத்தத் தெரியாத செக்ரட்டரி பின்தங்குவார். உச்ச நீதிமன்றமே தீர்ப்புகளை மொழிபெயர்க்க சுவாஸ் என்ற மென்பொருளை 2019-ல் கொண்டுவந்தது. ஆனால் கிளையண்ட்டின் ஆவணத்தை இலவசக் கருவியில் ஏற்றுவது, அதைத் தெருவில் விட்டுவிட்டு வருவதற்குச் சமம். சீனியரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் செய்யாதீர்கள். இன்னொன்று, ஏ.ஐ. கொடுக்கும் தீர்ப்பு மேற்கோள். 2023-ல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவன வழக்கில், ஏ.ஐ. கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளைத் தாக்கல் செய்ததற்காக வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. மேற்கோள் ஒவ்வொன்றையும் மூலத் தீர்ப்பைத் திறந்து பார்த்து, பக்க எண்ணோடு சரிபார்த்துத் தருகிற வேலையை நீங்கள் கேட்டு வாங்குங்கள். வரும் வருடங்களில் இந்த வேலைக்கு ஆள் தேடுவார்கள்.

8. வேலை எங்கே இருக்கிறது?

தனி வக்கீல் ஆபீஸ்களின் காலியிடம் பெரும்பாலும் விளம்பரத்துக்கு வருவதில்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாஸ்டர், கோர்ட் அருகே ஸ்டேஷனரி கடைக்காரர், குமாஸ்தாக்கள் சங்கம், பக்கத்து சேம்பர் ஜூனியர் ஆகியோர் வழியாகத்தான் நகர்கிறது. இவர்களிடம் நீங்கள் வேலை தேடுவது தெரிந்திருக்க வேண்டும். மே மாதம் உயர் நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை. சீனியர்கள் ஆபீசைச் சீரமைக்கும் நேரம் அது; ஜூனில் கோர்ட் திறக்கும் முன் ஆள் வேண்டும் என்று நினைப்பார்கள். ஏப்ரல் கடைசியிலேயே ரெஸ்யூமே போய்ச் சேரட்டும். மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, நுங்கம்பாக்கம் பக்கமுள்ள லா ஃபர்ம்கள் நௌக்ரி, லிங்க்டுஇன் வழியாக எடுக்கின்றன. அங்கே தேடும்போது மேலே சொன்ன எல்லாப் பதவிப் பெயர்களையும் போட்டுத் தேடுங்கள். தென் மாவட்டக்காரர்களுக்கு 2004-ல் திறந்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இருக்கிறது. சென்னை வாடகையையும் மதுரைச் சம்பளத்தையும் ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி, எந்த வகை வேலை என்பது. சிவில், கிரிமினல் ஆபீசில் கற்பது அதிகம், சம்பளம் மெதுவாக ஏறும். டிரேட்மார்க், பேட்டன்ட் ஆபீஸ் வேறு உலகம். அங்கே தேதிகளைக் காப்பதற்கென்றே டாக்கெட்டிங் என்ற தனிப் பணி இருக்கிறது. டிரேட்மார்க் ஜர்னலில் வெளியானதிலிருந்து 4 மாதத்துக்குள் எதிர்ப்பு மனு, 10 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்தல் என்று எல்லாமே காலண்டர்தான். டிரேட்மார்க் பதிவகத்தின் சென்னை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. உயர் நீதிமன்றத்திலும் அறிவுசார் சொத்துரிமைக்குத் தனிப் பிரிவு வந்துவிட்டது. முதல் பகுதியில் சொன்ன லிமிடேஷன் டைரிப் பழக்கத்தோடு போனால் இங்கே வேகமாக ஏறலாம். என் தேர்வைக் கேட்டால், இரண்டு வருடம் ஒரு கண்டிப்பான சிவில் சீனியரிடம், அதன் பிறகு டாக்கெட்டிங் என்பேன்.

9. ரெஸ்யூமேயும் இன்டர்வியூவும்

ஒரு பக்கம் போதும். "கடின உழைப்பாளி", "குழுவோடு இணைந்து பணியாற்றுபவர்" எல்லாவற்றையும் அடியுங்கள். எத்தனை நடப்புக் கேஸ் உள்ள டைரியைப் பராமரித்தீர்கள், எந்தெந்தக் கோர்ட்டில் இ-ஃபைலிங் செய்தீர்கள், எந்த வகை ஆவணங்களை மொழிபெயர்த்தீர்கள், டைப்பிங் எந்த கிரேடு. அவ்வளவுதான். ரெஸ்யூமேயில் ஒரு எழுத்துப்பிழை இருந்தாலும் இந்தத் துறையில் அது குப்பைக்கூடைக்குப் போகும். வேறு ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

மாதிரிக்கு ஒரு சிறு ஃபைல் எடுத்துப் போங்கள். கற்பனைப் பெயர்களில் நீங்களே தயாரித்த ஒரு அஃபிடவிட், ஒரு டைப்டு செட் இன்டெக்ஸ், தேதி வாரியான நிகழ்வுப் பட்டியல், ஒரு பக்க மொழிபெயர்ப்பு. பழைய ஆபீசின் உண்மையான பேப்பரை ஒருபோதும் எடுத்துப் போகாதீர்கள். அதைப் பார்க்கும் சீனியர் உங்கள் திறமையைப் பார்க்க மாட்டார். நாளை தன் ஃபைலும் இப்படித்தான் வெளியே போகும் என்றுதான் நினைப்பார்.

பெரும்பாலும் உட்காரவைத்து டிக்டேஷன் கொடுப்பார்கள். புரியாத பெயர் வந்தால் அந்த இடத்தில் ஒரு அடையாளம் போட்டுவிட்டுத் தொடர்ந்து எழுதுங்கள், முடிந்ததும் கேளுங்கள். தெரியாததை ஊகித்து அடிப்பவரைவிடக் கேட்டு அடிப்பவரையே எடுப்பார்கள். "ஏன் பழைய ஆபீசை விட்டீர்கள்?" என்ற கேள்விக்குப் பழைய சீனியரைப் பற்றி ஒரு குறையும் சொல்லாதீர்கள். கோர்ட் வளாகத்தில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். மாலைக்குள் அது அவர் காதுக்குப் போயிருக்கும்.

நீங்களும் கேளுங்கள். கோர்ட் நாளில் வேலை எத்தனை மணிக்கு முடியும்? சனிக்கிழமை உண்டா? ஃபைலிங் செய்யக் கோர்ட்டுக்கு நானே போக வேண்டுமா? ஜூனியர்கள் எத்தனை பேர், எத்தனை பேருக்கு நான் டைப் செய்ய வேண்டும்? கடைசிக் கேள்வியின் பதிலில்தான் உங்கள் அடுத்த இரண்டு வருடம் இருக்கிறது.

10. சம்பளம், பாதுகாப்பு

20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில்தான் பி.எஃப். கட்டாயம். சின்ன சேம்பரில் அது இருக்காது. ஆகவே இரண்டு ஆபீஸ் சம்பளத்தை ஒப்பிடும்போது பி.எஃப்., மருத்துவக் காப்பீடு, போனஸ் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டுங்கள். பி.எஃப். இல்லாத இடம் என்றால் பி.பி.எஃப். அல்லது என்.பி.எஸ். கணக்கை நீங்களே தொடங்குங்கள். அப்பாயின்ட்மென்ட் லெட்டர் கேளுங்கள். தயங்கினால் குறைந்தபட்சம் சம்பளம் வங்கி வழியாக வரட்டும். வீட்டுக் கடனுக்குப் போகும்போது இதன் அருமை தெரியும். வக்கீல் குமாஸ்தாக்களுக்கென்று தமிழ்நாட்டில் 1999-ம் வருட நலநிதிச் சட்டம் இருக்கிறது. உங்கள் பணி அதில் வருமா என்று சங்கத்தில் கேட்டு, வருமென்றால் உடனே சேருங்கள்.

பெண்களுக்கு ஒன்று. பத்துப் பேருக்குக் குறைவான ஆபீசில் உள் புகார்க் குழு இருக்காது. அதனால் பாதுகாப்பே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2013-ம் வருடச் சட்டப்படி மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் செய்யலாம். சட்டம் தெரிந்தவரின் ஆபீஸ் என்பதால் சட்டம் வாசலோடு நின்றுவிடாது. இரவு வேலைக்கு வீடு போகும் வண்டிச் செலவை முதல் மாதமே பேசி முடியுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

உயர்வு கேட்கிற நாள், பெரிய ஆர்டர் வந்த மறுநாளோ சம்பள மாதத்தின் கடைசியோ அல்ல. காஸ் லிஸ்ட் கனமில்லாத ஒரு மாலை. கையில் ஒரே தாள்: இந்த வருடம் எத்தனை ஃபைலிங், ரிட்டர்ன் எவ்வளவு குறைந்தது, எந்தெந்தக் கடைசி நாட்களை முன்கூட்டிச் சொன்னீர்கள், புதிதாக எந்த வேலையை ஏற்றீர்கள். வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லிக் கேட்டால் கடன் கிடைக்கும். வேலையின் மதிப்பைச் சொல்லிக் கேட்டால்தான் சம்பளம் ஏறும். பதில் இல்லாவிட்டால் "எப்போது பேசலாம் சார்?" என்று ஒரு தேதி வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள்.

11. மேலே படிக்கலாமா?

சட்டம் படிக்க ஆசை இருந்தால் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். தபால் வழி எல்.எல்.பி.யை வைத்து வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. ரெகுலர் மூன்று வருடப் படிப்பு வேண்டும்; அதற்கான பணத்தைச் சேர்த்துக்கொண்டு வேலையை விடுங்கள். ஃபீஸ் கட்டும் முன் பார் கவுன்சில் அங்கீகாரத்தைப் பாருங்கள். கம்பெனி செக்ரட்டரி படிப்பை வேலையோடு தொடங்கலாம், ஆனால் அதிலும் பயிற்சிக் காலம் ஒன்று வரும்.

12. விலகும்போது

மாறுவது என்று முடிவெடுத்துவிட்டால், புது ஆபீசின் உறுதி கைக்கு வந்த பிறகு சீனியரிடம் நேரில் சொல்லுங்கள். வேறு யாரிடமும் அதற்கு முன் சொல்லாதீர்கள். அடுத்த 90 நாளில் வரும் கடைசி நாட்களின் பட்டியல், ரிட்டர்னில் நிற்கும் பேப்பர்கள், நிலுவையிலுள்ள காப்பி அப்ளிகேஷன்கள், டோக்கன் இருக்கும் இடம், பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் எழுதி, புதிதாக வருபவரின் கையெழுத்தோடு ஒப்படையுங்கள். ஒரு பிரதியில் சீனியரின் கையெழுத்தும் இருக்கட்டும். நீங்கள் போன பிறகு ஏதாவது கெடு தவறினால் முதலில் சொல்லப்படும் பெயர் உங்களுடையதாகத்தான் இருக்கும்; அந்தத் தாள் அப்போது பதில் சொல்லும். சொற்பட்டியல், காலி டெம்ப்ளேட், செக்லிஸ்ட் ஆகியவற்றை எடுத்துப் போகச் சீனியரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். கிளையண்ட்டின் ஒரு பக்கம்கூட உங்கள் பென் டிரைவிலோ போனிலோ மிஞ்சக் கூடாது. வாட்ஸ்ஆப் குழுக்களில் இருந்தும் அன்றே வெளியேறுங்கள்.